30 சிட்டிங் பேக்கேஜ் கட்டலாமா? இடுப்பு வலிக்குக் கையால் செய்யும் சிகிச்சை, செலவும் பலனும்

பீளமேடு பட்டறை:
வணக்கமுங்க. வயது 41, லேத் பட்டறையில் வேலை. பத்து மணி நேரம் நின்றபடி வேலை, நடுநடுவே குனிந்து, கடைய வேண்டிய ஜாப்பைத் தூக்கி மாட்ட வேண்டும். நான்கு மாதமாக இடுப்பு வலி. காலையில் எழுந்தால் பத்து நிமிஷம் பலகை மாதிரி இறுகிக் கிடக்கும். மத்தியானத்துக்கு மேல் வலது பிட்டம் வரை இழுக்கும், முழங்காலுக்குக் கீழே இறங்கவில்லை. மாத்திரை போட்டால் அஞ்சாறு மணி நேரம் தாங்குகிறது.

எம்ஆர்ஐயும் எடுத்தாச்சு. எல்4-எல்5ல் லேசாக டிஸ்க் பிதுங்கியிருக்கிறது என்று எழுதியிருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு பிசியோ கிளினிக்கில் காட்டினேன். 30 சிட்டிங் வேண்டும், தனித்தனியாக வந்தால் ஒரு தடவைக்கு 400, மொத்தமாகக் கட்டினால் 10,000 ரூபாய் என்றார்கள். கரண்ட் வைப்பது, இடுப்பை மெஷினால் இழுத்துப் பிடிக்கும் டிராக்‌ஷன், கடைசியில் கையால் முதுகெலும்பை அமுக்கிவிடுவது. இரண்டு தடவை போய்ப் பார்த்தேன். கரண்டில் ஒன்றும் தெரியவில்லை. கையால் அமுக்கிவிட்டது மட்டும் நல்ல சுகம். அன்று ராத்திரி புரண்டு படுக்க முடிந்தது. மறுநாள் சாயங்காலம் திரும்பவும் பழைய வலி.

பத்தாயிரம் எனக்குப் பெரிய காசுங்க. பெண்ணுக்கு ஜூனில் ஃபீஸ் கட்ட வேண்டும். இந்தக் கையால் செய்கிற சிகிச்சைக்குப் போடுகிற காசுக்கு ஏற்ற பலன் உண்டா? யாராவது கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்களா?

தருமபுரி மருத்துவர்:
முதலில் இதற்குப் பதில் சொல்லுங்கள். சிறுநீர் கழிப்பதில் சிரமம், ஆசனவாயைச் சுற்றி மரத்துப்போவது, கால் பலம் குறைவது, காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது, எப்போதோ புற்றுநோய்க்கு மருத்துவம் பார்த்தது, கீழே விழுந்தது, நாள்பட ஸ்டீராய்டு சாப்பிட்டது. இதில் ஒன்று இருந்தாலும் செலவுக் கணக்கை நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அதுவரை யாரும் உங்கள் முதுகில் கை வைக்கக் கூடாது.

இல்லை என்றால் அந்த எம்ஆர்ஐ அறிக்கையைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். வலியே இல்லாதவர்களின் ஸ்கேன்களை மட்டும் தொகுத்து 2015ல் ஒரு கட்டுரை வந்தது. நாற்பது வயதில் பாதிப் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது. நரைமுடி மாதிரி வயதோடு வருவது அது.

கையால் செய்யும் சிகிச்சை பற்றி என் கருத்து கொஞ்சம் கறாரானது. அமெரிக்காவில் சியாட்டில் பக்கம் 321 பேரை மூன்று பிரிவாகப் பிரித்து ஒரு சோதனை நடந்தது, 1998ல் முடிவு வெளியானது. ஒரு பிரிவுக்கு பிசியோதெரபிஸ்ட் சொல்லித்தரும் மெக்கென்சி முறை முதுகுப் பயிற்சி, இன்னொன்றுக்கு முதுகெலும்பைக் கையால் அழுத்தித் தள்ளும் கைரோபிராக்டிக் சிகிச்சை, மூன்றாவது பிரிவுக்கு முதுகுவலி பற்றிய ஒரு சின்னப் புத்தகம் மட்டும். இரண்டு வருடச் செலவு முதல் பிரிவுக்கு 437 டாலர், இரண்டாவதற்கு 429, புத்தகம் வாங்கியவர்களுக்கு 153. வலி திரும்ப வருவதிலும் வேலைக்குப் போகாத நாட்களிலும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. என் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் கூலிக்காரர்களிடம் இதனால்தான் காசைச் செலவழிக்காதீர்கள், நடங்கள், படுத்தே கிடக்காதீர்கள் என்று சொல்கிறேன்.

பீளமேடு பட்டறை:
நீங்கள் சொன்ன அறிகுறி எதுவும் எனக்கு இல்லைங்க டாக்டர். ரொம்ப நன்றி.

மதுரை பிசியோ:
14 வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். டாக்டர் சொன்னதில் பாதிக்கு மேல் எனக்கும் சம்மதம். மீதியைப் பேசுவதற்கு முன்னால் எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெளிவாக்கிவிடுகிறேன். நம் ஊரில் 'கை வைத்தியம்' என்றால் சுக்குக் கஷாயம் ஞாபகம் வரும். இது வேறு. ஆங்கிலத்தில் மேனுவல் தெரபி என்பார்கள். மூட்டை மெதுவாக, திரும்பத் திரும்ப அசைத்துக் கொடுப்பது ஒரு வகை, அதுதான் மொபிலைசேஷன். சட்டென்று ஒரு சின்னத் தள்ளல் கொடுப்பது மேனிபுலேஷன், 'டக்' என்று சத்தம் வருவது இதில்தான். தசையை நீவி இளக்குவது மூன்றாவது.

அந்த 'டக்' சத்தம் எலும்பு இடத்தில் உட்கார்ந்த சத்தம் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் வாயுக் குமிழி உண்டாகும் சத்தம் அது. எலும்பு விலகவும் இல்லை, யாரும் அதைத் திரும்ப உட்கார வைக்கவும் இல்லை. அப்புறம் எப்படி வலி குறைகிறது? நரம்பு மண்டலம் அந்த இடத்தை எச்சரிக்கையோடு இறுக்கிப் பிடித்து வைத்திருக்கிறது. கையின் அழுத்தமும் அசைவும் அந்தப் பிடியைச் சில மணி நேரம், சில சமயம் ஓரிரு நாள், தளர்த்துகிறது. தம்பி, உங்களுக்கு ஒரு ராத்திரி கிடைத்ததே, அதுதான். அந்த நேரத்தில் குனிந்து நிமிர்ந்து பழகினால் உடம்புக்குத் தைரியம் வரும். வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டால் அடுத்த நாள் பிடி திரும்பிவிடும்.

அந்தக் கிளினிக்கில் ஏதாவது உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்தார்களா?

பீளமேடு பட்டறை:
இல்லைங்க அக்கா. பத்தாவது சிட்டிங்குக்கு அப்புறம் சொல்கிறோம் என்றார்கள்.

லீட்ஸ் தமிழன்:
யாராவது கணக்குப் போட்டுப் பார்த்திருக்கிறார்களா என்று கேட்டீர்கள். பார்த்திருக்கிறார்கள், நான் பிழைப்பது அந்தத் துறையில்தான். இங்கிலாந்தில் மருத்துவச் செலவுக் கணக்குப் பார்க்கும் வேலை.

டாக்டர் சொன்ன சியாட்டில் சோதனை நல்ல சோதனை. ஆனால் அதில் சேர்ந்தவர்களுக்கு மருத்துவரைப் பார்த்து ஏழு நாள் கழித்தும் வலி இருந்தது, அவ்வளவுதான் நிபந்தனை. அந்தக் கட்டத்தில் பெரும்பாலோருக்குத் தானாகவே சரியாகிவிடும், எந்தச் செலவும் வீண் செலவாகத்தான் தெரியும். நம் நண்பருக்கு நான்கு மாதமாக வலி.

அதற்குப் பக்கத்தில் வருவது பிரிட்டனில் நடந்த 'பீம்' சோதனை. 2004ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. 181 மருத்துவர் நிலையங்கள், 1,334 பேர், எல்லாருக்கும் சுமார் ஒரு மாதமாவது வலி. கையால் சிகிச்சை செய்யும் கைரோபிராக்டர், ஆஸ்டியோபாத், பிசியோதெரபிஸ்ட் என்ற மூன்று தரப்பும் உட்கார்ந்து, கையால் என்னென்ன செய்யலாம் என்று ஒரு பொதுப் பட்டியலுக்கு ஒப்புக்கொண்டதே பெரிய விஷயம். நான்கு பிரிவு: வழக்கமான நல்ல கவனிப்பு, அதோடு உடற்பயிற்சி, அதோடு மேனிபுலேஷன், அதோடு முதல் ஆறு வாரம் மேனிபுலேஷனும் அடுத்த ஆறு வாரம் உடற்பயிற்சியும்.

ஒரு வருடத்தில் ஒருவருக்கு ஆன சராசரிச் செலவு வழக்கமான கவனிப்பில் 346 பவுண்டு, உடற்பயிற்சியில் 486, மேனிபுலேஷனில் 541, இரண்டும் சேர்ந்ததில் 471. எல்லாமே கூடுதல் செலவுதான், யாருக்கும் காசு மிச்சமாகவில்லை. அந்தக் கூடுதல் காசுக்கு என்ன கிடைத்தது என்று அளக்கத்தான் 'குவாலி' என்ற அலகு. முழு ஆரோக்கியத்தோடு வாழும் ஒரு வருடம் ஒரு குவாலி. வலியோடு இருந்தால் அதே வருடம் 0.7 ஆகலாம், 0.6 ஆகலாம்.

வழக்கமான கவனிப்போடு ஒப்பிட்டால், இரண்டும் சேர்ந்த சிகிச்சையில் ஒரு குவாலிக்கு 3,800 பவுண்டு ஆகிறது. அது கிடைக்காத ஊரில் மேனிபுலேஷன் மட்டும் என்றால் 4,800. உடற்பயிற்சி மட்டும் என்றால் 8,300. எந்தச் சிகிச்சைக்கு அரசு காசு கொடுக்கலாம் என்று சொல்லும் இங்கிலாந்தின் 'நைஸ்' அமைப்பு, ஒரு குவாலிக்கு 20,000 முதல் 30,000 பவுண்டு வரை கொடுக்கலாம் என்று நீண்ட காலம் வைத்திருந்தது. அந்த அளவுகோலில் மூன்றுமே மலிவு.

பலனின் அளவையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். 24 புள்ளி கொண்ட முதுகுவலிக் கேள்வித்தாளில் மேனிபுலேஷன் தந்த கூடுதல் முன்னேற்றம் மூன்று மாதத்தில் 1.6 புள்ளி, ஒரு வருடத்தில் 1.0. அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. சின்னப் பலன், அதைவிடச் சின்னச் செலவு. இந்த விகிதம்தான் அதைத் தாங்கிப் பிடிக்கிறது. செலவைப் பெரிதாக்கிவிட்டால் விகிதம் உடைந்துவிடும். அந்தச் சோதனையில் கை வைத்தது எட்டு தடவை அளவுக்குத்தான். முப்பது கிடையாது.

கணக்குப்பிள்ளை:
லீட்ஸ் சார், பவுண்டுக் கணக்கை வைத்துக்கொண்டு கோயம்புத்தூர்க்காரர் என்ன செய்வார்? அங்கே தெரபிஸ்டின் ஒரு மணி நேரமும் விலை அதிகம், ஆஸ்பத்திரிப் படுக்கையும் விலை அதிகம். அரசாங்கம் கட்டுகிறது. இங்கே ஒவ்வொரு ரூபாயும் அவர் சட்டைப் பையிலிருந்து போகிறது. நம் மெடிகிளைம் பாலிசிகள் பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் காசு தரும், பிசியோவுக்கு நடந்து போய் வந்தால் தராது.

நான் ரூபாயில் போடுகிறேன். பட்டறை நண்பரே, உங்கள் தினக்கூலி தெரியாது, 900 என்று வைத்துக்கொள்கிறேன். சிட்டிங் பகலில் என்றால் அரை நாள் கூலி 450 போச்சு. பெட்ரோல் 40. முப்பது தடவைக்குக் கூலி இழப்பு 13,500, பெட்ரோல் 1,200, பேக்கேஜ் 10,000. ஆக மொத்தம் 24,700. பத்தாயிரம் என்று உங்களிடம் சொன்ன செலவு உண்மையில் இதுதான்.

எட்டு தடவை, தடவைக்கு 400, அதே பகல் நேரம் என்றால் 7,120. அதே எட்டு தடவையைச் சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் வைத்துக்கொண்டால் கூலி போகாது, 3,520ல் முடிந்துவிடும். வைத்தியம் மாறவில்லை, போகிற நேரம்தான் மாறியது.

இஎஸ்ஐ இருக்கிறதா? மாதச் சம்பளம் 21,000க்குள் என்றால் வரும். சிங்காநல்லூரில் இஎஸ்ஐ ஆஸ்பத்திரியே இருக்கிறது.

பீளமேடு பட்டறை:
கூலி 950ங்க, கிட்டத்தட்டச் சரியாகச் சொல்லிவிட்டீர்கள். பட்டறையில் ஏழு பேர்தான், அதனால் இஎஸ்ஐ கிடையாது. பத்துப் பேர் இருந்தால்தான் வருமாம். அரசு ஆஸ்பத்திரியில் பிசியோ இலவசம், ஆனால் காலையில்தான் போக வேண்டும். ஒரு நாள் கூலி போய்விடும். இலவசம் என்பது எனக்கு 950 ரூபாய் என்று இப்போதுதான் உறைக்கிறது.

லீட்ஸ் தமிழன்:
நீங்கள் இருவரும் இப்போது சொன்னது, எங்கள் துறையில் பெரிய சண்டையாக நடக்கிற விஷயம். யார் கண்ணால் செலவைப் பார்ப்பது? ஆஸ்பத்திரியின் கண்ணாலா, நோயாளியும் அவர் வேலையும் சேர்ந்த சமூகத்தின் கண்ணாலா? நெதர்லாந்தில் கழுத்துவலிக்கு நடந்த சோதனை இதை நன்றாகக் காட்டும். 2003ல் அதன் செலவுக் கணக்கு வந்தது. 183 பேர். ஒரு பிரிவுக்கு வாரம் ஒரு தடவை வீதம் ஆறு வாரம் கையால் கழுத்து மூட்டுகளை மெதுவாக அசைக்கும் சிகிச்சை. இன்னொன்றுக்குப் பெரும்பாலும் உடற்பயிற்சியாக பிசியோதெரபி, வாரம் இரண்டு தடவை. மூன்றாவதற்குக் குடும்ப மருத்துவரின் கவனிப்பு, மாத்திரை, ஆலோசனை.

ஏழு வாரத்தில் குணமானோம் என்று சொன்னவர்கள் முறையே 68, 51, 36 சதவீதம். ஒரு வருடச் செலவு ஒருவருக்கு 447 யூரோ, 1,297 யூரோ, 1,379 யூரோ. மூன்றில் ஒரு பங்கு! இதில் வேலைக்குப் போகாத நாட்களின் இழப்பும் அடக்கம். சீக்கிரம் குணமானவர்கள் சீக்கிரம் வேலைக்குத் திரும்பினார்கள், வேறு வைத்தியம் தேடி அலையவில்லை. வருடக் கடைசியில் மூன்று பிரிவும் ஏறத்தாழ ஒரே நிலைக்கு வந்துவிட்டன என்பதையும் சொல்ல வேண்டும். சரி, கடைசியில் எல்லாரும் ஒரே இடத்துக்குத்தான் வருகிறார்கள் என்றால் முன்னால் வந்ததில் என்ன லாபம் என்று கேட்பீர்கள். தினக்கூலிக்காரருக்கு அந்த முன்னால் வந்த வாரங்கள்தான் லாபம்.

கணக்குப்பிள்ளைக்கு: யூரோவை ரூபாயாக மாற்றிப் போட்டால் அர்த்தம் இருக்காது, ஒப்புக்கொள்கிறேன். எங்கிருந்து செலவு வருகிறது என்ற அமைப்பு மட்டும் இங்கேயும் பொருந்தும். நீங்கள் போட்டது அப்படிப்பட்ட கணக்குதான்.

ஸ்காபரோ மல்லிகை:
நான் யாழ்ப்பாணம், இப்ப கனடாவில். காசை யார் கட்டுகிறார்கள் என்பதைப் பொறுத்து வைத்தியம் மாறும் என்பதை நேரே கண்டவள். ஒன்ராறியோவில் 2004 கடைசியில் கைரோபிராக்டிக்கை அரச காப்புறுதியில் இருந்து எடுத்துவிட்டார்கள். அதுக்குப் பிறகு வேலைத்தலத்துக் காப்புறுதிதான். எனக்கு வருசத்துக்கு 500 டொலர்.

குளிர்காலத்தில் கழுத்து நோ வந்து ஒரு இடத்துக்குப் போனேன். எத்தனை கிழமை வரவேண்டும் என்று கேட்டேன். முதலில் என்ர காப்புறுதி அட்டையைத்தான் பார்த்தார்கள். அந்த 500 டொலரும் முடியும் மட்டும் கிழமைக்கு இரண்டு தரம் வரச் சொன்னார்கள். முடிந்த பிறகு ஒருவரும் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கவில்லை. நோ அப்படியே கிடந்தது. பிறகு வேறொரு பிசியோ பிள்ளை, மூன்றே தரம் கை வைத்து, ஒரு துவாயை வைத்துச் செய்கிற அப்பியாசம் பழக்கிவிட்டா. அதைத்தான் இண்டைக்கும் செய்கிறேன். தம்பி, எத்தனை தரம் என்பதை உங்கட உடம்பு சொல்ல வேணும், காசு கட்டுகிற முறை சொல்லக் கூடாது.

மதுரை பிசியோ:
மல்லிகை அக்கா சொன்னதைப் படித்துவிட்டு இரண்டு நாளாக இதை எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதிவிடுகிறேன்.

படித்து முடித்த புதிதில் ஒரு பெரிய இடத்தில் வேலை பார்த்தேன். மாதம் இத்தனை பேக்கேஜ் விற்க வேண்டும் என்று எங்களுக்கு இலக்கு இருந்தது. ஒரே நேரத்தில் ஆறு பேரைப் பார்க்க வேண்டும். ஆறு பேருக்கு ஒரே சமயம் கை வைக்க முடியுமா? அதனால் நான்கு பேருக்கு மெஷின். ஐஎஃப்டி கரண்ட், அல்ட்ராசவுண்ட், டிராக்‌ஷன். மெஷின் வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போகலாம். கையால் செய்வதற்கும் உடற்பயிற்சி சொல்லித் தருவதற்கும் ஆள் கூடவே நிற்க வேண்டும், அதுதான் செலவு. பேக்கேஜ் இப்படித்தான் உருவாகிறது. அங்கே வேலை பார்க்கும் பிசியோ பையன்கள் கெட்டவர்கள் இல்லை. பலருக்குச் சம்பளம் உங்கள் கூலியைவிடக் குறைவு.

இந்த மெஷின்களின் நிலை என்ன? 'நைஸ்' 2016ல் வெளியிட்ட வழிகாட்டியில் இடுப்பு வலிக்கு டிராக்‌ஷன், அல்ட்ராசவுண்ட், டென்ஸ் என்ற இன்னொரு வகைக் கரண்ட், ஐஎஃப்டி எல்லாம் வேண்டாம் என்கிறது. கையால் செய்வதை உடற்பயிற்சியோடு சேர்ந்த ஒரு தொகுப்பாக மட்டும் தரலாம் என்கிறது. நாள்பட்ட இடுப்பு வலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் கொடுத்த வழிகாட்டியும் டிராக்‌ஷன், அல்ட்ராசவுண்ட், டென்ஸ், இடுப்பு பெல்ட் இவற்றைப் பரிந்துரைக்கவில்லை. உடற்பயிற்சி, விளக்கிச் சொல்வது, முதுகெலும்புக்குக் கையால் செய்யும் சிகிச்சை, மசாஜ் இவற்றை ஏற்கிறது. அதாவது உங்களுக்குச் சொன்ன பேக்கேஜில் பெரும்பாலும் இருப்பது இந்த வழிகாட்டிகள் வேண்டாம் என்றவை. பலன் தரக்கூடியதைப் பத்தாவது சிட்டிங் வரை தள்ளி வைத்திருக்கிறார்கள்.

என் அறையில் நான் வைத்திருக்கும் வழக்கம் இது. முதல் நாளே இரண்டு பயிற்சி. நான்கு தடவைக்குள், ஒரு சிட்டிங்கில் கிடைத்த சுகத்தில் கொஞ்சமாவது அடுத்த சிட்டிங் வரை நிற்க வேண்டும். நிற்கவில்லை என்றால் கை வைப்பதை நிறுத்திவிட்டு வேறு வழி பார்ப்பேன், இல்லை டாக்டரிடம் திருப்பி அனுப்புவேன். நின்றால் ஆறு, அதிகபட்சம் எட்டு. அதற்கு மேல் வர வேண்டும் என்று அவர்கள் ஆசைப்பட்டாலும் நான் காரணம் கேட்பேன்.

குமரி மண்:
எல்லாரும் வெளிநாட்டு ஆராய்ச்சி பற்றியே பேசுகிறீர்கள். எங்கள் ஊரில் வர்ம ஆசான்மார் காலங்காலமாகக் கையால்தான் பார்க்கிறார்கள். என் அப்பா கடல் தொழில். வலை இழுத்து இடுப்பு பிடித்துக்கொண்டால் ஆசானிடம் போவார். எண்ணெய் போட்டுத் தடவி, மூன்று நாள், முடிந்தது. காசு எவ்வளவு என்று ஆசான் கேட்டதே இல்லை, வெற்றிலையில் வைத்ததை எடுத்துக்கொள்வார். சித்த மருத்துவத்தின் 32 புற மருந்துகளில் தொக்கணமும் ஒன்று. தட்டல், இறுக்கல், பிடித்தல், முறுக்கல் என்று ஒன்பது விதம் எழுதி வைத்திருக்கிறார்கள். இதைவிடச் செலவு குறைந்தது எது? ஏன் இதை யாரும் கணக்கில் எடுப்பதில்லை?

தருமபுரி மருத்துவர்:
நியாயமான கேள்வி. உங்கள் அப்பாவுக்குக் குறைந்த வலியை நான் மறுக்கவில்லை. ஆனால் மூன்று நாளில் பிடிப்பு விடுவது, யாரும் தொடாவிட்டாலும் பலருக்கு நடப்பது. அதில் ஆசான் கையின் பங்கு எவ்வளவு, காலத்தின் பங்கு எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க, ஒப்பிட்டுப் பார்க்கும் சோதனை வேண்டும். பாளையங்கோட்டையில் அரசு சித்த மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நோயாளிகளும் கை தேர்ந்தவர்களும் இருக்கிறார்கள். எட்டு தொக்கணம் ஒரு பக்கம், எட்டு பிசியோ ஒரு பக்கம், செலவையும் கூலி இழப்பையும் எழுதிக்கொண்டே ஒரு வருடம் பின்தொடர்ந்தால் மிக நல்ல வேலையாக இருக்கும். அப்படி ஒன்று நடந்தால் என் நோயாளிகளை நானே அனுப்புவேன்.

ஒன்றை மட்டும் இங்கே அழுத்திச் சொல்கிறேன். கழுத்தை வேகமாகத் திருப்பும் எதையும் விட்டுவிடுங்கள். சலூனில் முடி வெட்டியதும் தலையைப் பிடித்து 'டக்' என்று திருப்பிவிடுவார்களே, அதையும் சேர்த்துத்தான். கழுத்து வழியாக மூளைக்குப் போகும் ரத்தக் குழாய் கிழிந்து பக்கவாதம் வருவது அபூர்வம். ஆனால் வந்தால் அந்தக் குடும்பத்துக்கு ஆகும் செலவை எந்தக் கணக்கிலும் அடக்க முடியாது. நெதர்லாந்து சோதனையிலும் செய்தது மெதுவான அசைவுதான், வேகமான திருப்பல் இல்லை.

தஞ்சை டீச்சர்:
நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எனக்குத் தோள்பட்டை. கையைத் தூக்கிக் கரும்பலகையின் மேல் வரி எழுத முடியவில்லை. டாக்டர் பார்த்துவிட்டு ஃப்ரோசன் ஷோல்டர் இல்லை, தசைநார் பிரச்சினை என்றார். வாரம் மூன்று சிட்டிங் சொல்கிறார்கள். இடுப்புக்குப் போட்ட கணக்கு தோளுக்கும் பொருந்துமா?

லீட்ஸ் தமிழன்:
பொருந்தாது டீச்சர், ஒவ்வொரு மூட்டுக்கும் தனிக் கணக்கு. உங்கள் மாதிரித் தோள் தசைநார் பிரச்சினை உள்ள 708 பேரை வைத்து 'கிராஸ்ப்' என்ற சோதனை இங்கே நடந்தது, 2021ல் முடிவு வந்தது. பாதிப் பேருக்கு ஆறு தடவை வரை பிசியோவின் மேற்பார்வையில் பயிற்சி. மீதிப் பேருக்கு ஒரே ஒரு தடவை நன்றாக விளக்கி, பயிற்சியைக் கற்றுக்கொடுத்து, கையேடும் வீடியோவும் கொடுத்து அனுப்பினார்கள். ஒரு வருடத்தில் வலியிலும் கை வேலையிலும் இரண்டு பக்கமும் வித்தியாசம் இல்லை. அதனால் ஒரு தடவை போய், அரை மணி நேரமாவது உட்கார்ந்து, முறையாகக் கற்றுக்கொண்டு வந்து வீட்டில் தினமும் செய்யுங்கள். வாரம் மூன்று சிட்டிங் தேவைப்படாது.

நியூசிலாந்தில் டுனெடினில் முழங்கால், இடுப்பு மூட்டுத் தேய்மானத்துக்கு நடந்தது இன்னும் வேறு மாதிரி. 206 பேர், 2013. கையால் செய்தது தனியாகப் பலன் தந்தது, உடற்பயிற்சியும் தனியாகப் பலன் தந்தது. இரண்டையும் ஒரே சிட்டிங்குக்குள் திணித்தபோது கூடுதலாக எதுவும் கிடைக்கவில்லை. முதுகில் சேர்த்துச் செய்ததுதான் மலிவு என்று மேலே எழுதினேன். முட்டியில் அது எடுபடவில்லை. நான் எதையும் பொதுப்படையாகச் சொல்லத் தயங்குவது இதனால்தான்.

பீளமேடு பட்டறை:
ஆறு வாரம் கழித்து எழுதுகிறேனுங்க. எல்லாருக்கும் நடந்ததைச் சொல்ல வேண்டும்.

பேக்கேஜ் கட்டவில்லை. பழைய கிளினிக்கிலேயே எனக்குப் பார்த்த பிசியோ பையனிடம், கரண்ட் வேண்டாம், டிராக்‌ஷன் வேண்டாம், ஒரு தடவைக்கு 400 கொடுத்துவிடுகிறேன், அந்த நேரம் முழுக்கக் கையால் செய்து பயிற்சியும் சொல்லிக் கொடு என்று கேட்டேன். அவனுக்கு முகமெல்லாம் சந்தோஷம். முதலாளி முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. ராத்திரி ஏழரைக்கு மேல் கூட்டம் குறைவு, அப்போது வந்தால் சரி என்றார்.

மொத்தம் ஏழு தடவை. முதல் மூன்று தடவைக்குள் காலை இறுக்கம் பாதியானது, அக்கா சொன்ன மாதிரி சுகம் ஒரு நாளிலிருந்து மூன்று நாளாக நின்றது. குனியும்போது இடுப்பிலிருந்து மடங்கிக் குனியப் பழக்கினான். ஜாப்பைத் தரையில் வைக்காமல் ஒரு மர ஸ்டூலில் வைத்துக்கொள் என்றும் சொன்னான். ஸ்டூலுக்கு 350 ரூபாய். கணக்குப்பிள்ளை அண்ணா, உங்களுக்காக எழுதி வைத்தேன்: ஏழு தடவைக்கு 2,800, பெட்ரோல் 280, ஸ்டூல் 350, மொத்தம் 3,430. கூலி ஒரு நாளும் போகவில்லை. மாத்திரை கடைசியாகப் போட்டுப் பன்னிரண்டு நாள் ஆகிறது.

வலி முழுசாகப் போகவில்லை. சனிக்கிழமை ஓவர்டைம் பார்த்தால் சாயங்காலம் தெரிகிறது. திரும்பவும் பெரிதாக வந்துவிடுமோ என்று ஒரு பயம் இருக்கிறது. அப்படி வந்தால் உடனே போய் அமுக்கிவிடச் சொல்ல வேண்டுமா?

மதுரை பிசியோ:
ரொம்ப சந்தோஷம் தம்பி. அந்தப் பையனுக்கும் என் வாழ்த்தைச் சொல்லுங்கள்.

திரும்ப வரலாம், இடுப்பு வலியின் குணம் அது. அதைத் தள்ளிப்போட ஒரு வழி 2024ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. ஆஸ்திரேலியாவில் இடுப்பு வலி வந்து குணமான 701 பேர். ஒரு பிரிவுக்கு பிசியோதெரபிஸ்ட் கொஞ்சம் கொஞ்சமாக நடையைக் கூட்டிக் கொடுத்தார், ஆறு மாதத்தில் ஆறு சந்திப்பு, கை வைக்கவே இல்லை. பாதிப் பேருக்கு வலி திரும்ப வர எடுத்த நாட்கள், சும்மா விட்ட பிரிவில் 112, நடந்த பிரிவில் 208. அதுவும் செலவுக்கு ஏற்ற பலன் என்றுதான் கணக்கு வந்தது.

நீங்கள் நாள் முழுக்க நிற்பது நடை ஆகாது. பட்டறை முடிந்ததும் பத்து நிமிஷத்தில் ஆரம்பியுங்கள். வாரம் ஐந்து நாள், இரண்டு மூன்று மாதத்தில் அரை மணி நேரம். வலி திரும்ப வந்தால் முதல் வாரம் அதே பயிற்சிகளும் நடையும் போதும். மூன்று நான்கு வாரம் தாண்டியும் நின்றால் ஓரிரு தடவை போய்க் கை வைத்துக்கொள்ளுங்கள். டாக்டர் மேலே சொன்ன அறிகுறி ஏதாவது தெரிந்தால் மட்டும் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

பீளமேடு பட்டறை:
சரிங்க அக்கா. பட்டறையிலிருந்து வீடு வரை ஒன்றரைக் கிலோமீட்டர்தான், இதுவரை வண்டியில்தான் போய்க்கொண்டிருந்தேன். திங்கட்கிழமையிலிருந்து வண்டியை வீட்டிலேயே விட்டுவிடுகிறேன்.